நடை சாத்தும் நேரம் எந்திரத்துக்குத் தெரியுமா?

நீண்ட விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுவதில் மூன்று வேலைகள் உண்டு: எங்கெங்கே போவது என்று தேர்ந்தெடுப்பது, அந்த இடங்களை வரிசைப்படுத்துவது, ஒவ்வொன்றுக்கும் நாளும் மணியும் குறிப்பது. முதல் இரண்டிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. சறுக்குவது மூன்றாவதில்தான். பயணங்கள் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கூகுளின் பார்ட் வந்தது. 2024 பிப்ரவரியில் அதன் பெயர் ஜெமினி என்று மாறியது. பயண முன்பதிவு நிறுவனமான எக்ஸ்பீடியா 2023லேயே சாட்ஜிபிடியோடு கைகோத்தது. 2025 அக்டோபரில் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம் இரண்டும் அந்த அரட்டைக்குள்ளேயே இயங்கும் செயலிகளாக இடம்பிடித்தன. அதற்கு முன்பெல்லாம் ஒரு குடும்பம் ஊர் சுற்றக் கிளம்பினால், ஏற்கெனவே போய்வந்த உறவினரிடம் வழி கேட்கும். ரயில்வே கால அட்டவணையைப் புரட்டும். தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார்க்கும். மிச்சத்தை வாடகைக் கார் டிரைவரிடம் விட்டுவிடும். இன்று இந்த நால்வகை அறிவும் ஒரே பெட்டிக்குள் கிடைக்கிறது என்று நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

இந்தக் கருவிகளின் அடித்தளம் மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியங்களை உருவாக்குவது அதன் வேலை. அதனிடம் ரயில்வே அட்டவணை அப்படியே பதிந்திருப்பதில்லை. அட்டவணையைப் பற்றி மனிதர்கள் எழுதியவற்றின் சாயல் இருக்கிறது. நிலப்படம் இருப்பதில்லை, தூரங்களைப் பற்றிய பேச்சு இருக்கிறது. பயிற்சி முடிந்த தேதிக்குப் பின் நடந்தவை அதற்குத் தெரியாது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் இப்போது இணையத் தேடலையும் நிலப்படத்தையும் கூடவே இணைக்கிறார்கள். ஆனால் தேடலில் அகப்படும் சில பக்கங்களைப் படித்துச் சுருக்கித் தருவதோடு அதன் பங்கு முடிகிறது. அந்தப் பக்கம் நேற்று எழுதப்பட்டதா, நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதா, வேறொரு எந்திரம் எழுதிப் போட்டதா என்று அது எப்போதும் விசாரிப்பதில்லை.

சென்னையில் உள்ள ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் இரண்டு வாரப் பயணம் போக நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திரும்பும்போது ஊட்டி. இதை அப்படியே தட்டச்சு செய்தால் ஒரு நிமிடத்துக்குள் நாள்வாரியாகத் திட்டம் வந்துவிடும். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்து மலைக்கும் நேரம் மிச்சம். கும்பகோணத்தில் இரண்டு இரவு தங்கினால் தஞ்சாவூருக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் அங்கிருந்தே போய்த் திரும்பலாம், தினமும் லாட்ஜ் மாற்ற வேண்டியதில்லை என்பது போன்ற யோசனைகளை அது சரளமாகச் சொல்லும். ஒரு நாளைக் குறைத்தால் எது போகும், ஒரு நாளைக் கூட்டினால் எது சேரும் என்று எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. சொந்தக்காரர்கள் நான்காவது கேள்வியிலேயே சலித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள், எட்டு மணி நேரம்

திட்டத்தின் தரத்தை அறிய ஒரே ஒரு நாளை உற்றுப் பார்த்தால் போதும். கும்பகோணம் நாளுக்குக் கருவிகள் தரும் வரைவு அநேகமாக இந்தச் சாயலில் இருக்கும்: காலை 9 மணி தாராசுரம், 11 மணி கங்கைகொண்டசோழபுரம், மதியம் 1.30 கும்பேஸ்வரர் கோயில், 2.30 சாரங்கபாணி கோயில், மாலை 5 மணி தஞ்சாவூர்ப் பெரிய கோயில். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் காவிரிக் கரைக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் நண்பகல் 12, 12.30 வாக்கில் நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். கும்பேஸ்வரரும் சாரங்கபாணியும் அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னால் இருப்பார்கள். மே மாத வெயிலில், சுடுகல் பாவிய பிராகாரத்துக்கு வெளியே, குடும்பம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். தாராசுரத்தையும் கங்கைகொண்டசோழபுரத்தையும் தொல்லியல் துறை பராமரிக்கிறது. யுனெஸ்கோ 2004இல் தஞ்சைப் பெரிய கோயிலோடு இவற்றையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட இடங்களில் வளாகத்தைப் பார்க்கும் நேரம் வேறு, சந்நிதி திறந்திருக்கும் நேரம் வேறு. இந்த வேறுபாடும் வரைவில் வராது.

இந்தப் பிழை ஏன் வருகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. உலகப் பயண எழுத்தில் பெரும்பகுதி அருங்காட்சியகம், கோட்டை, அரண்மனை பற்றியது. காலை திறந்து மாலை மூடும் இடங்கள் அவை. அந்த அச்சில் வார்க்கப்பட்ட நாளைத்தான் எந்திரம் கும்பகோணத்துக்கும் தருகிறது. "இந்தக் கோயில் மதியம் திறந்திருக்குமா?" என்று நேரடியாகக் கேட்டால், "மன்னிக்கவும், மதியம் மூடியிருக்கும்" என்று சரியாகவே சொல்லும். தெரிந்ததைத் திட்டத்தில் பொருத்த வராததுதான் குறை.

இதோடு ஒப்பிட, கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய நவக்கிரகக் கோயில் சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. கட்டணம் 750 ரூபாய் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். ஒன்பது கோயில்களும் ஒரே நாளில். விடியற்காலையில் கிளம்பி முதலில் மேற்கே திங்களூர். பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில். அதற்குள் மதியம் வந்துவிடும், சாப்பாடும் ஓய்வும். நடை திறந்த பின் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகக் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. சூரியனில் தொடங்கிக் கேதுவில் முடிக்கும் கிரக வரிசையை அவர்கள் பார்க்கவில்லை. தூரத்தையும் பார்த்திருக்கிறார்கள், நடை சாத்தும் நேரத்தையும் பார்த்திருக்கிறார்கள். நாளை இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் சோற்றை வைத்திருக்கிறார்கள். நல்ல பயணத் திட்டத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அதே பட்டியலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குரு தலமான ஆலங்குடி, திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தில் உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொரு ஆலங்குடி இருக்கிறது. அது வட்டத் தலைநகர். ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துத் தூரம் கேட்டால் எந்த ஆலங்குடிக்கான கணக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஊரோடு மாவட்டத்தையும் கோயில் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

பழைய செய்தியும் புதிய செய்தியும்

எழுத்து அழிவதில்லை, நிலைமை மாறிவிடுகிறது. 1914 முதல் ராமேஸ்வரத்துக்கு ரயிலைக் கொண்டுசென்ற பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் தீவுக்குள் போகவில்லை. செங்குத்தாகத் தூக்கும் நடுப்பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, ரயில்கள் மறுபடி தீவுக்குப் போகின்றன. இடைப்பட்ட காலத்தில் "ரயில் இல்லை, மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள்" என்று எழுதப்பட்ட பக்கங்கள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படித்த கருவி அதையே சொன்னால் வியப்பதற்கில்லை.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் இன்னும் சிக்கலான உதாரணம். விடுமுறையில் யாழ்ப்பாணத்தையும் சேர்க்க விரும்புகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். 2023 அக்டோபர் 14 அன்று சேவை தொடங்கியது. சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றது. 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. தொடங்கியது என்று மூன்று செய்தி, நிறுத்தம் என்று பல செய்தி. இதில் எது இன்றைய நிலை என்று தேதி பார்த்துத் தீர்மானிப்பது மனிதருக்கு எளிது. எந்திரமோ எல்லாவற்றையும் கலந்து, வாரத்தில் இத்தனை நாள், இத்தனை மணிக்கு என்று அடித்துச் சொல்லிவிடும். கப்பலை நம்பித் திட்டமிடும் எவரும் சேவை நடத்துபவரின் முன்பதிவுப் பக்கத்தில் அந்தத் தேதிக்குச் சீட்டு விற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வரியை எழுத வேண்டும்.

மலைப் பகுதிக்கு வந்தால் விதிகள் இன்னும் வேகமாக மாறுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. 2023 வரை எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஊட்டிக் கட்டுரைகளில் இ-பாஸ் என்ற பேச்சே இருக்காது.

நிலப்படத்தில் இல்லாத தூரம்

கொடைக்கானலும் மூணாறும் நேர்க்கோட்டில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பேரிஜம் ஏரியைத் தாண்டி மூணாறு நோக்கிப் போன பழைய சாலை ஒன்று உண்டு. காட்டுக்குள் இருக்கும் அது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாகவோ தேனி, போடி வழியாகவோ சுற்றி, மறுபடி மலை ஏற வேண்டும். "காலை கொடைக்கானல், மதியம் மூணாறு" என்று எழுதும் திட்டம் காகிதத்தில் மட்டும் நடக்கும்.

ஊட்டியோடு மைசூரையும் சேர்ப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். மைசூர் அரண்மனையின் விளக்கொளி ஞாயிறு மாலை 7 மணிக்கு. அதைப் பார்த்துவிட்டு இரவே ஊட்டி திரும்புவதாகத் திட்டம் வந்தால், நடுவில் பந்திப்பூர் காடு நிற்கிறது. அந்த நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை. அரண்மனையிலிருந்து சோதனைச்சாவடிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். விளக்கொளி முடிந்து கூட்டத்தை விலக்கி, நிறுத்துமிடத்திலிருந்து காரை எடுப்பதற்குள் கணக்கு தவறிவிடும். சத்தியமங்கலம் வழியாக வரலாம் என்றால் திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை. மைசூரில் ஓர் இரவு தங்குவதைத் தவிர வழியில்லை. இந்த மாதிரி முட்டுக்கட்டைகள் வாடகைக் கார் டிரைவருக்கு மனப்பாடம். கருவியிடம் கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் சொல்லாது.

ஊட்டி மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். பற்சக்கரம் பிடித்து ஏறும் இந்தப் பாதை 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்தில் ஏறும் வழக்கமான வண்டி காலை 7.10க்கு ஒன்றுதான், ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். "காலை 10 மணிக்கு மலை ரயிலில் ஊட்டிக்கு" என்று ஒரு வரைவு சொன்னால் அந்த வரி அங்கேயே விழுந்துவிடும். பருவமழைக் காலத்தில் மண் சரிந்து பல நாட்கள் வண்டியே ஓடாமல் போவதும் உண்டு.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சிலைக்குத் தனியாகப் படகு பிடிக்கச் சொல்லும். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகே கிடையாது. பழனியில் ரோப் கார் மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல வாரங்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். இந்த அறிவிப்புகள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மூன்று வரிச் செய்தியாகத் தமிழில் வரும். ஆங்கிலத்தில் தேடும் கருவிக்கு அவை கண்ணில் படுவது அதிர்ஷ்டம்.

திதிகளைக் கருவியிடம் கேட்கவே வேண்டாம். நிலவின் கணக்கைச் சொற்களின் வரிசையாகக் கணிக்க முடியாது; கிரிவல நாளையோ தை அமாவாசையையோ ஒரு நாள் தள்ளிச் சொன்னால் திருவண்ணாமலையிலும் ராமேஸ்வரத்திலும் அறை கிடைக்காது. பத்து ரூபாய்க்கு வாங்கிய பஞ்சாங்கம் இந்த ஒரு விஷயத்தில் எல்லா எந்திரங்களையும் தோற்கடிக்கும்.

கேட்கும் முறை

கேள்வி மொட்டையாக இருந்தால் விடையும் எல்லோருக்குமான விடையாகவே இருக்கும். "தமிழ்நாடு 14 நாள் சுற்றுலா" என்று கேட்டால் எல்லோரும் போகும் இடங்களுக்கே எல்லோரையும் அனுப்பும். குடும்பத்தின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும்: பாட்டிக்கு முழங்கால் வலி, பையனுக்கு வளைவுச் சாலையில் வாந்தி, காலை 8 மணிக்கு முன் கிளம்ப முடியாது, ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் கூடாது, சைவச் சாப்பாடு, மதிய உறக்கம் வேண்டும். பாட்டியின் முழங்காலைச் சொல்லாவிட்டால் திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகள் மூன்றாம் நாள் பட்டியலில் வந்து நிற்கும். சுவாமிமலையின் 60 படிகள்கூட எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

அடுத்தது, அசைக்க முடியாதவற்றை முதலில் நட்டு வைப்பது. கிடைத்த ரயில் சீட்டு, கல்யாணம் அல்லது நேர்த்திக்கடன் நாள், மலை ரயில், இ-பாஸ் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, "இவற்றை மாற்றாமல் இடைவெளிகளை நிரப்பு" என்று கேட்டால் வரும் திட்டம் முதல் வரைவைவிடப் பல மடங்கு உருப்படியாக இருக்கும். "இந்தத் திட்டத்தில் எந்தெந்த இடத்தில் கோளாறு வரலாம், எதையெல்லாம் நேரில் சரிபார்க்க வேண்டும்?" என்று அதனிடமே கேட்பது பலன் தரும். தானே போட்ட திட்டத்தைத் தானே குறை சொல்வதில் எந்திரத்துக்குக் கூச்சமில்லை. அரட்டை நீண்டுகொண்டே போனால் ஆரம்பத்தில் சொன்ன நிபந்தனைகளை அது நழுவவிடுவதும் உண்டு. முழங்கால் வலி பத்தாவது திருத்தத்தில் காணாமல் போகும். அவ்வப்போது நிபந்தனைகளையும் இதுவரை முடிவானவற்றையும் புதிய அரட்டையில் ஒட்டித் தொடங்குவது அந்தத் தொல்லையைக் குறைக்கும்.

வரைவு வந்த பின் சரிபார்ப்பு. ரயில் நேரத்துக்கு ஐஆர்சிடிசி, கோயில் நேரத்துக்குத் தேவஸ்தானம் அல்லது அறநிலையத் துறைப் பக்கம், சாலைத் தூரத்துக்குக் கூகுள் மேப்ஸ், அறைக்கு விடுதியின் தொலைபேசி. கருவி பரிந்துரைக்கும் சிறிய உணவகங்களில் பாதி பெயர் மாறியிருக்கும், சில இருக்கவே இருக்காது. அதற்கு மாறாக, காரைக்குடியில் இலை போட்டுச் சோறு போடும் நல்ல மெஸ் ஒன்றுக்கு இணையத்தில் பக்கமே இருக்காது. சாப்பாட்டு விஷயத்தை லாட்ஜ் வரவேற்பறையில் கேட்பதே உத்தமம்.

பொறுப்பு யாருக்கு?

தவறான தகவலால் பணம் போனால் யாரைக் கேட்பது? கனடாவில் இதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. ஏர் கனடாவின் இணையதள அரட்டைக் கருவி, துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பின்பும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. கருவி சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. சீட்டு விற்பவரின் சொந்தக் கருவி என்பதால் அங்கே வழக்கு நின்றது. சாட்ஜிபிடியும் ஜெமினியும் எதையும் விற்பதாக ஒப்பந்தம் செய்வதில்லை. தவறு நேரலாம், சரிபார்த்துக்கொள்ளவும் என்று விடைப் பெட்டியின் அடியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. நட்டம் பயணியுடையதே.

பெரிய நிறுவனங்களின் பெயரில் வருவதாலேயே தகவல் சுத்தமாகிவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் பயணப் பக்கம் ஒட்டாவா நகரின் முக்கியச் சுற்றுலா இடங்களில் ஒன்றாக, ஏழைகளுக்கு உணவு வழங்கும் தொண்டு நிறுவனத்தைச் சேர்த்தது. கண்டனம் எழுந்த பின் நீக்கினார்கள். படமும் காணொளியும் பொய்யாக உருவாக்கப்படும் காலம் இது. ஓர் இடம் இருக்கிறது என்பதற்குக் காணொளி சாட்சியாகாது.

திட்டம் கேட்கும்போது கடவுச்சீட்டுப் படம், ஆதார் எண், பிஎன்ஆர் எண் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. இரண்டு வாரம் வீடு பூட்டியிருக்கும் என்பதையும் முகவரியையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது புத்திசாலித்தனமல்ல. வயதும் உணவுப் பழக்கமும் போதும், பெயர்கூட வேண்டாம்.

கடைசியாகக் காலக்கெடு. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது; அந்த அறுபதாவது நாள் காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை நாட்களில் தென்மாவட்ட ரயில்களில் இடம் நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. திட்டத்தின் முதுகெலும்பு அந்தக் காலைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் எந்திரத்தோடு பேசிப் பேசித் திட்டத்தை மெருகேற்றிக்கொண்டிருப்பவர் காத்திருப்போர் பட்டியலில்தான் பயணத்தைத் தொடங்குவார்.